வில்லுப்பாட்டு சரி, அந்த வில்லை செஞ்சது யாரு?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

கோயில் கொடைத் திருவிழா சீசன் வந்தா உங்க பேப்பர்ல வில்லுப்பாட்டு பத்தி ஒரு கட்டுரையாவது போட்டுருதீங்க, சந்தோஷம். புலவர் போட்டோ வருது, உடுக்கு அடிக்கிறவர் போட்டோ வருது, என்.எஸ்.கிருஷ்ணன் காந்தி கதைய வில்லுல பாடுனது, சுப்பு ஆறுமுகம் ஐயாவுக்கு 2021ல பத்மஸ்ரீ கெடைச்சது எல்லாம் வருது. முன்னால பத்தடிக்கு மேல நீளமா கெடக்கே ஒரு வில்லு, அதை செஞ்ச கை யாருதுன்னு மட்டும் ஒரு வரி கெடையாது.

நான் தொழில்முறை ஆசாரி இல்ல, பொழுதுபோக்கா மரவேலை செய்யுதவன். கூடப் படிச்ச கூட்டுக்காரன் ஒருத்தன் வில்லுப்பாட்டு செட்டுல பாடுதான், அவங்ககிட்ட இருந்தது இரும்புக் குழாயை வளைச்சி பெயிண்ட் அடிச்ச வில்லு. மைக் இருக்கு, யாருக்கு வித்தியாசம் தெரியப்போவுதுன்னு செட்டுல சொல்லுதாங்க, எனக்கு என்னமோ மனசு கேக்கல, அவனுக்கு பனையில ஒண்ணு செஞ்சி குடுத்தேன்.

பனையில வேலை செய்யாதவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். வைரம்னா மரத்தோட கெட்டியான பாகம். தேக்குக்கு உள்ள வைரம், பனைக்கு வெளிய வைரம், உள்ள வெறும் மெத்துன்னு சோறு. அதனால நல்லா முத்துன மரத்துல வெளிப்பக்கமா ஆப்பு வச்சி நீளவாக்குல பொளந்து எடுக்கணும், கருப்பு நார் ஒரு முனையில இருந்து மறுமுனை வரைக்கும் அறுபடாம ஓடணும், நடுவுல நார் வெட்டுப்பட்டா வளைக்கும்போது அந்த எடத்துலதான் ஒடியும். நடுவுல தடிமனா விட்டு ரெண்டு பக்கமும் கொஞ்சங்கொஞ்சமா மெலிய வைக்கணும், கடைசில இழைப்புளி ஒத்துவராது, கண்ணாடிச் சில்லால சொரண்டிதான் வழவழப்பு வரும், கொஞ்சம் அசந்தா சிலாம்பு நகக்கண்ணுல ஏறிரும், அந்த வலி எதிரிக்கும் வேண்டாம்.

நாண் தோல்ல முறுக்குனது, மழைக்காலத்துல ஈரம் புடிச்சா தொய்யும், அதுக்கு எடம் விட்டுத்தான் இழுத்துக் கட்டணும். அலங்காரம் பண்ணுறதுக்குத்தான் எனக்கு ரொம்ப ஆசை. ரெண்டு முனைக்கும் வெண்கலப் பூண், செவப்பும் மஞ்சளுமா துணி சுத்தி நடுநடுவுல ஜிகினா, தொங்கலுக்கு குஞ்சம், அப்பறம் மணி. மணியை நடுவுல பெருசும் ஓரத்துல சிறுசுமா கட்டினேன். வில்லை அடிக்கிற வீசுகோலால நாண்ல ஒரு தட்டு தட்டுனா பனை லேசா குதிக்கும், அந்த குதிப்புலதான் எல்லா மணியும் சேந்து ஆடுது. இரும்புல இந்த துள்ளல் இல்ல. வெள்ளிக்கிழமை ராத்திரி சுடலைமாடன் கதை உச்சத்துக்குப் போய் சாமியாடுற கோமரத்தாடி எந்திரிக்கிற நேரம் இது யாருக்கும் சொல்லிப் புரிய வேண்டியதில்ல.

பக்கத்துல திருவனந்தபுரத்துல பாருங்க, கரமனையில ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையா ஓணவில்லுன்னு மர வில்லுல படம் வரைஞ்சி திருவோணத்தன்னிக்கு பத்மநாபசாமிக்கு குடுக்குது, செய்யுற குடும்பத்தையும் சேத்தே ஊரு பேசுது. அது அம்பு விடாத வில்லுதான், நம்மளதும் அம்பு விடாத வில்லுதான். நம்ம பக்கம் மட்டும் ஏன் செஞ்சவனுக்கு பேரு இல்ல?

மரத்துக்கு எங்க போவன்னு கேப்பாங்க. பச்சை பனைய வெட்டச் சொல்லல, 2021 வேளாண் பட்ஜெட்ல கலெக்டர் அனுமதி இல்லாம பனை வெட்டக்கூடாதுன்னு அறிவிச்சது நல்ல காரியம். காத்துக்கு விழுந்த மரமும், அனுமதியோட வெட்டுற மரமும் செங்கச்சூளைக்குப் போயி எரியுதே, அதுல முத்துன தடியா பாத்து வில்லுக்குன்னு ஒதுக்குனா போதும்.

கலை பண்பாட்டுத் துறை எங்கயாவது வில்லுப்பாட்டு சொல்லிக்குடுத்தா கூடவே வில்லு கட்டுறதுக்கும் ஒரு வகுப்பு வைக்கட்டும், சொல்லிக்குடுக்க வயசான ஆசாரிங்களை கூப்பிடட்டும், கூலியும் குடுக்கட்டும். நீங்களும் அடுத்த கொடைக்கு நிருபரை அனுப்பும்போது மேடைக்குப் போகுறதுக்கு முந்தி ஒரு பட்டறைக்குப் போகச் சொல்லுங்க ஐயா.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
நாகர்கோவில்.