அணில்குஞ்சுக்கு ஒரு பாடவேளை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

முப்பது ஆண்டுகள் தொடக்கப்பள்ளியில் வேலை பார்த்தவள் நான். ஒருநாள் வேப்பமரத்தடியில் அணில்குஞ்சு ஒன்று செத்துக் கிடந்தது. "டீச்சர், இது இப்ப எங்கே போகும்?" என்று கேட்டாள் இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி. கணக்குப் பாடத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, குழி தோண்டிப் புதைத்தோம். பூ வைத்தார்கள். அப்புறம், யாரும் சொல்லாமலே எல்லாரும் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார்கள். ஆன்மிகம் என்று நான் சொல்வது அந்த அமைதியைத்தான்.

முழுக்க அரசு நிதியில் நடக்கும் பள்ளிகளில் மதபோதனை கூடாது என்கிறது அரசியலமைப்பின் 28-வது பிரிவு. சரி, அது அப்படியே இருக்கட்டும். ஆனால் அதற்குப் பயந்து பிள்ளைகளின் இப்படிப்பட்ட கேள்விகளையும் அடக்கிவிடுகிறோம். நான் பார்த்தவரை, நீதிபோதனை வகுப்பைக் கணக்கும் ஆங்கிலமும் விழுங்கிவிடும்.

2022-ல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் பிள்ளைகள் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். தட்டில் கைவைக்கும் முன் ஒரு நிமிடம், விளைவித்தவரையும் சமைத்த அக்காவையும் நினைக்கச் சொல்லலாம். எந்தச் சாமி பெயரும் வேண்டாம். வாரம் ஒரு பாடவேளையை, யாரும் பிடுங்காதபடி, பிள்ளைகள் கேள்வி கேட்பதற்கே விட வேண்டும் என்று கல்வித் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.

- ஓய்வுபெற்ற ஆசிரியை, திருவாரூர் மாவட்டம்