அட்டையில் 18, கையில் 12: டர்போ செடான் மைலேஜ் எங்கே போகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 150, 160 குதிரைத்திறன் கொண்ட டர்போ பெட்ரோல் செடான்கள் நம் மாவட்டச் சாலைகளில் இப்போது நிறையவே ஓடுகின்றன. வாங்கியவர்களில் பலர் சொல்லும் குறை ஒன்றுதான்: 'கம்பெனி சொன்னது லிட்டருக்கு 18 கி.மீ.க்கு மேல், கிடைப்பது 12.' இதனாலேயே நல்ல வண்டியை அவசரப்பட்டு விற்பவர்களைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. பெரும்பாலும் கோளாறு வண்டியில் இல்லை.

ஃபோக்ஸ்வேகன் விர்டஸ் 1.5 டிஎஸ்ஜி (ஆட்டோமேட்டிக் கியர்) அறிமுகமானபோது லிட்டருக்கு 18.67 கி.மீ. என்றார்கள். ஹூண்டாய் வெர்னா 1.5 டர்போ மேனுவலுக்கு 20. ஆய்வகத்தில் உருளைகளின் மேல் சக்கரத்தைச் சுழலவிட்டு எடுத்த கணக்கு அது. வேகம் மணிக்கு 90 கி.மீ.யைத் தாண்டாது, ஏசி ஓடாது, எதிர்க்காற்று கிடையாது. இரண்டு வண்டிகளை ஒப்பிட அந்த எண் உதவும். களியக்காவிளைக்குப் போய்வரும் செலவைக் கணக்கிட உதவாது.

முதலில் சரியாக அளக்க வேண்டும். டேஷ்போர்டு காட்டும் எண் பெரும்பாலும் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். நோசில் தானாக நிற்கும் வரை நிரப்பி, ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி, குறைந்தது 400 கி.மீ. ஓட்டியபின் அதே பங்கில், அதே பம்பில், அதேபோல் முதல் 'கட்' வரை நிரப்புங்கள். ஓடிய தூரத்தை இரண்டாவது முறை ஊற்றிய லிட்டரால் வகுத்தால் உண்மை தெரியும்: 420 கி.மீ.க்கு 28.5 லிட்டர் என்றால் 14.7. நூறு கி.மீ. ஓட்டிவிட்டுக் கணக்குப் பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள். நோசில் ஒரு லிட்டர் முன்பின்னாக நின்றால், 7 லிட்டர் கணக்கில் அது 14 சதவீதப் பிழை. 28 லிட்டரில் மூன்றரை சதவீதம்தான்.

நம் மாவட்டத்துக்கே உரிய காரணம் காற்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வீசும் காற்றை நம்பித்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 80 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி 30 கி.மீ. எதிர்க்காற்றைச் சந்தித்தால், அதற்கு அது 110 கி.மீ. வேகக் காற்று; தடை கிட்டத்தட்ட 1.9 மடங்கு. திருநெல்வேலிக்குப் போகும்போது காற்று முதுகைத் தள்ளும், திரும்பும்போது மூக்கில் அறையும். ஒரு பக்கம் மட்டும் அளந்துவிட்டு மகிழவும் வேண்டாம், பதறவும் வேண்டாம். போக வரச் சேர்த்தே அளக்க வேண்டும். காற்றில்லாத நாளிலும் 80இல் போவதைவிட 100இல் போனால் இந்தத் தடை ஒன்றரை மடங்குக்கு மேல். விர்டஸ் 1.5இல் எஞ்சினின் சுமை குறைந்தால் நான்கில் இரண்டு சிலிண்டர்கள் ஓய்வெடுக்கும் வசதி உண்டு. நான்குவழிச் சாலையில் 80ஐ ஒட்டி, ஆக்சிலரேட்டர் மிதியை ஒரே நிலையில் வைத்தால்தான் அந்தப் பலன் கிடைக்கும்.

தக்கலை, மார்த்தாண்டம் பாதை வேறு கதை. ஏசியுடன் நின்ற இடத்திலேயே எஞ்சின் ஓடினால் மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் போகும். இருபது நிமிட நெரிசல், நெடுஞ்சாலையில் ஐந்து கி.மீ. ஓடுவதற்கான பெட்ரோலைத் தின்றுவிடும். ஏற்ற இறக்கம் நிறைந்த கல்குளம், விளவங்கோடு சாலைகளில் இறக்கம் வந்ததும் நியூட்ரலுக்குத் தள்ளும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். கியரில் வைத்தே ஆக்சிலரேட்டர் மிதியிலிருந்து காலை எடுத்தால், எஞ்சினுக்குள் எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டர் பெட்ரோலை முழுதாக நிறுத்திவிடும். நியூட்ரலில் எஞ்சின் அணையாமலிருக்கவே பெட்ரோல் வேண்டும், பிரேக்குக்கும் சுமை கூடும். உலர் கிளட்ச் (எண்ணெயில் மூழ்காத கிளட்ச்) உள்ள ஆட்டோமேட்டிக் என்றால் நெரிசலில் அங்குலம் அங்குலமாக நகர்த்தாதீர்கள், கிளட்ச் வழுக்கிச் சூடேறும். முன்னால் ஒரு வண்டி நீளம் இடம் விழட்டும், பிறகு எடுங்கள். கியர் லீவரின் 'எஸ்' (ஸ்போர்ட்) நிலை கீழ் கியரைப் பிடித்துவைக்கும். ஊருக்குள் அது வேண்டாம்.

எரிபொருளையும் சொல்ல வேண்டும். ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. அப்படியானால் 20 சதவீதம் கலந்த பெட்ரோலில் 6 முதல் 7 சதவீதம் குறையும். 15 கொடுத்த வண்டி 14 கொடுப்பது பழுதல்ல. எத்தனாலின் உயர்ந்த ஆக்டேன் டர்போ எஞ்சினில் 'நாக்கிங்' (எரிபொருள் நேரம் தப்பி வெடித்துத் தட்டுவது) வராமல் காப்பது உண்மை, ஆனால் முழு இழப்பையும் அது ஈடுகட்டாது.

பழுது என்று தேட வேண்டிய முதல் இடம் பிரேக். குளச்சல், முட்டம் போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று, பிரேக் பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிபர் நகர்வதற்கான ஸ்லைடு பின்னைத் துருப்பிடிக்க வைக்கும்; பேட் டிஸ்க்கைவிட்டு முழுதாக விலகாமல் உரசிக்கொண்டே வரும். பிரேக் அதிகம் மிதிக்காமல் பத்து கி.மீ. ஓட்டி நிறுத்தி, நான்கு வீல்களின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். டிஸ்க்கைத் தொட வேண்டாம். ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் அந்தப் பின்னைக் கழற்றித் துடைத்து, சிலிகான் பிரேக் கிரீஸ் தடவச் சொல்லுங்கள். சாதாரண கிரீஸ் ரப்பர் உறையை ஊதவைத்துவிடும். டயர் காற்றைக் காலையில், வண்டி ஓடுமுன் பாருங்கள். சூடான டயர் 3, 4 பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டும், அதை நம்பிக் காற்றை இறக்கினால் மறுநாள் குறைவாக நிற்கும். அழகுக்காக அகலமான அலாய் வீல் மாட்டியிருந்தால் அதற்கும் மைலேஜில் ஒரு விலை உண்டு.

'ரீமேப் (எஞ்சின் கணினியின் மென்பொருளை மாற்றுவது) செய்தால் மைலேஜ் கூடும்' என்று சொல்லிப் பணம் வாங்குவதை நம்பாதீர்கள். வேகமும் சுமையும் மாறாதபோது தேவைப்படும் சக்தியும் மாறாது. கூடுவது இழுவை, போவது வாரண்டி.

தங்கள் நாளிதழில் புதிய கார்களைப் பற்றி எழுதும்போது, ஆய்வக எண்ணோடு எந்தச் சாலையில், எந்த வேகத்தில், ஏசியோடு எத்தனை கி.மீ. கிடைத்தது என்பதையும் டேங்க் நிரப்பி அளந்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தக்கலை,
கன்னியாகுமரி மாவட்டம்.