மரப் பராமரிப்புத் தொழில் பற்றிக் கேட்டவர்களுக்கு

உறுப்பினர்களுக்கு வணக்கம். 1924-இல் தொடங்கப்பட்ட பன்னாட்டு மரவளர்ப்புச் சங்கம் (ISA) மரப் பராமரிப்பாளர்களுக்கு வழங்கும் அடிப்படைச் சான்றிதழுக்கான தேர்வை எழுத, மூன்றாண்டு முழுநேர அனுபவமோ, உரிய படிப்புடன் அதைவிடக் குறைந்த அனுபவமோ வேண்டும். சான்றிதழை மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். கயிற்றில் ஏறிக் கிளை கழிப்பது மட்டுமே வேலை என்று எண்ணிவிட வேண்டாம்: மரக் கணக்கெடுப்பு, விழும் அபாயத்தை மதிப்பிடுதல், கட்டுமானப் பணியின்போது வேர்களைக் காத்தல் ஆகியவற்றுக்கும் நகரங்களில் ஆட்கள் தேவைப்படுகிறார்கள்.

ஆனால் எந்தப் பிரிவுக்குப் போனாலும் முதலில் கற்க வேண்டியது வெட்டும் இடம்தான். கிளையைத் தண்டோடு ஒட்ட வழித்து வெட்டினால், அதன் அடியில் சற்றே புடைத்திருக்கும் கழுத்துப் பகுதியும் போய்விடும். காயத்தை மூடும் திசு அங்கிருந்துதான் வளர்கிறது என்பதால், அதற்குச் சற்று வெளியே வெட்டுவதே முறை (அழகுக்காக வழித்துவிடும் பழக்கம் இன்னும் போகவில்லை). இத்தொழிலில் சேர விரும்புவோர் தங்கள் படிப்பையும் அனுபவத்தையும் குறிப்பிட்டு இங்கேயே கேட்கலாம்.