தம்பிக்கு, அந்தப் பாலத்தைப் பற்றி

தம்பி,

பனியில் உறைந்த பாலத்தில் உன் கார் வழுக்கிப் பக்கத் தடுப்பில் இடித்து வருடம் ஒன்று ஆகிவிட்டது. காரை விற்கப் போகிறாய் என்று வேறொருவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பனிக்காலத்தில் இனி ஸ்டீயரிங்கைத் தொடவே மாட்டேன் என்றும் சொன்னாயாம். விற்பது உன் இஷ்டம். ஆனால் "எனக்கு ஓட்டத் தெரியவில்லை" என்று சொல்லிக்கொண்டு விற்காதே. அது உண்மையில்லை.

என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும். ஏன் நடந்தது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

டாஷ்போர்டில் 3 டிகிரி காட்டியது. அது காற்றின் வெப்பம். வானம் தெளிந்திருந்த இரவு முடிந்து விடியும் நேரத்தில் சாலையின் மேற்பரப்பு காற்றைவிடக் குளிர்ந்து, 0 டிகிரிக்குக் கீழே போயிருக்கும். சாதாரணச் சாலைக்கு அடியில் மண் இருப்பதால் கொஞ்சம் சூடு தங்கும். பாலத்துக்கு மேலேயும் காற்று, கீழேயும் காற்று. மற்ற இடமெல்லாம் வெறும் ஈரமாக இருக்கும்போதே பாலம் உறைந்துவிடுவது இதனால்தான். அதன் மேல் படிவது மெல்லிய, நிறமில்லாத பனிக்கட்டி. அடியில் இருக்கும் தார் அப்படியே தெரிவதால் பார்வைக்கு ஈரச் சாலைதான். இரண்டே அடையாளங்கள் இருந்தன: முன்னால் போன வண்டியின் சக்கரங்களிலிருந்து தண்ணீர் தெறிப்பது பாலத்தில் ஏறியதும் நின்றுபோனது, டயர் சத்தம் அடங்கி, ஸ்டீயரிங் உன் கையில் லேசானது. இரண்டும் தெரிந்த பிறகு உனக்கு ஒரு நொடிகூட இருக்கவில்லை.

பனிக்கட்டி 0 டிகிரியை ஒட்டி இருக்கும்போதுதான் அதிகமாக வழுக்கும். மைனஸ் 20 டிகிரியில் இறுகிக் கிடக்கும் சாலைகூட டயருக்கு அதைவிடப் பிடி கொடுக்கும். நீ 60 கிலோமீட்டர் வேகத்தில் போனாய். காய்ந்த தார்ச் சாலையில் அந்த வேகத்தில் பிரேக் பிடித்தால் ஏறத்தாழ 20 மீட்டரில் வண்டி நிற்கும். ஈரம் படர்ந்த பனிக்கட்டியில் 140 மீட்டர் வேண்டும். 30ல் போயிருந்தால் 35 மீட்டர். வேகம் பாதியானால் நிற்கும் தூரம் கால்வாசி ஆகிவிடும். அதனால் பாலத்துக்கு முன்பே, நல்ல தாரில் இருக்கும்போதே வேகத்தைக் குறைக்க வேண்டும். பாலத்தின் மேல் வந்துவிட்டால் பிரேக்குக்கு வேலை இல்லை.

இனி, நீ யாரிடமும் பேச விரும்பாத அந்தச் சில நொடிகள்.

வண்டியின் பின்பக்கம் இடப்புறமாக நழுவியது. நீ ஸ்டீயரிங்கை இடப்புறமே திருப்பினாய். சரியாகத்தான் செய்தாய். பின்பக்கம் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம்தான் திருப்ப வேண்டும். கண் தடுப்பைப் பார்க்காமல், போக வேண்டிய வழியைப் பார்க்க வேண்டும். பயிற்சி எடுத்தவர்களே தடுமாறுகிற இடம் அது. இதை உன்னிடம் இதுவரை யாரும் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும்.

ஆனால் அதே நேரத்தில் பிரேக்கையும் மிதித்தாய். மிதித்ததும் எடை முன்னுக்குச் சாய்ந்து, ஏற்கெனவே பிடியில்லாத பின்சக்கரங்கள் இன்னும் லேசாகின. உன் காரைப் போல ஈஎஸ்சி (வண்டி சறுக்கும்போது தானாகவே நேராக்க உதவும் அமைப்பு) இல்லாத பழைய வண்டியில் அந்த நேரத்தில் பிரேக்கைத் தொடக்கூடாது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுத்து, கிளட்ச்சை மிதித்தால் போதும், சக்கரங்கள் தாமாக உருண்டு பிடியைத் தேடிக்கொள்ளும். பெடல் காலுக்கடியில் அதிர்ந்தபோது ஏதோ உடைந்துவிட்டது என்று நினைத்தாய். அது ஏபிஎஸ் என்ற பிரேக் அமைப்பு. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டு ஸ்டீயரிங்கை வேலை செய்ய வைக்கும். பனிக்கட்டியில் நிற்கும் தூரத்தைப் பெரிதாகக் குறைக்கும் வல்லமை அதற்கு இல்லை.

பிறகு பின்பக்கம் திரும்பி வந்தது. அது நேராகத் தொடங்கும்போதே ஸ்டீயரிங்கையும் நேராக்கிவிட வேண்டும். வண்டி முழுதும் நேராகட்டும் என்று காத்திருந்தால் தாமதம். நீ பிடித்துக்கொண்டே இருந்தாய். முன்சக்கரங்களுக்குப் பிடி கிடைத்த கணத்தில் வண்டி மறுபக்கம் வீசியது. இந்த இரண்டாவது வீச்சு பெரும்பாலும் முதலாவதைவிடப் பலமாக இருக்கும். தடுப்பில் இடித்தது அதில்தான். அரை நொடித் தாமதம், தம்பி. அதற்குமேல் அதில் ஒன்றுமில்லை.

டயர் விஷயத்தில் மட்டும் என் கோபம் இன்னும் ஆறவில்லை. எஞ்சின் முன்சக்கரங்களைத்தானே இழுக்கிறது என்று பனிக்கால டயர்களை முன்னால் மட்டும் போட்டாய். நாலும் போடு என்றேன், சிரித்தாய். முன்பக்கம் நன்றாகப் பிடிக்கும், பின்பக்கம் பிடிக்காது என்றால் வளைவில் வண்டி சுழலத்தானே செய்யும்? கோடைக்கால டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே இறுகத் தொடங்கும். பனிக்கால டயர் குளிரிலும் மிருதுவாக இருக்கும்படி செய்யப்பட்டது. அதன் பக்கவாட்டில் மூன்று சிகரமுள்ள மலையும் உள்ளே பனிச்செதிலும் பொறித்திருக்கும். சேறு, பனி என்பதைக் குறிக்கும் வெறும் எம்+எஸ் எழுத்து போதாது. டயர் வரிகளின் பள்ளம் 4 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்துவிட்டால் பனிக்காலத்துக்கு உதவாது. டயரின் காற்றழுத்தம்கூட வெப்பம் 10 டிகிரி இறங்கினால் 0.1 பார் அளவுக்குக் குறையும்.

அன்று நான் கத்தியதற்கு மன்னித்துக்கொள். டயருக்காகக் கத்தவில்லை. வண்டி நின்றதும் கதவைத் திறந்து இறங்கி, அடி எவ்வளவு என்று பார்க்கக் காருக்கும் தடுப்புக்கும் நடுவில் போய் நின்றாயே, அதற்காக. உன்னைச் சுழற்றிய அதே பனிக்கட்டி பின்னால் வருகிறவனுக்கும் அங்கே காத்திருந்தது. தடுப்புக்கு அப்பால் ஒதுங்கப் பாலத்தில் இடம் கிடையாது. அபாய விளக்கைப் போட்டுவிட்டு, பெல்ட்டோடு உள்ளேயே இருந்து, வண்டி நகருமானால் இரண்டாவது கியரில் மெல்ல வெளியேற வேண்டும். இப்படிப் பதமாகச் சொல்ல அந்த நேரத்தில் எனக்கு வாய் வரவில்லை. மறுபடியும் நீ அப்படி நின்றால் மறுபடியும் கத்துவேன்.

பின்இருக்கையில் இருந்தவர் அன்று சொன்னதை இங்கே எழுதமாட்டேன். நாலு பேர் படிப்பார்கள். அவர் சொன்னது தவறு என்பதை மட்டும் எல்லோருக்கும் தெரியும்படி சொல்கிறேன்.

கம்பமோ சுவரோ இல்லாத அகலமான திடல் ஒன்று, பனி விழுந்த பிறகு, உரிமையாளர் அனுமதியோடு கிடைத்தால் போ. 20 கிலோமீட்டரில் ஓட்டி, பிரேக்கை முழுக்க மிதித்து அந்த அதிர்வைக் காலுக்குப் பழக்கு. மிதித்தபடியே ஸ்டீயரிங்கைத் திருப்பிப் பார். பின்பக்கம் நழுவினால் ஸ்டீயரிங்கை அந்தப் பக்கம் திருப்பு, அது திரும்பி வரத் தொடங்கியதும் உடனே நேராக்கு. அந்த நேராக்குவதைத்தான் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். நான் பக்கத்தில் உட்காருகிறேன், வாயைத் திறக்க மாட்டேன். சாலைக்கு வந்த பிறகு முன்வண்டிக்கும் உனக்கும் 8 முதல் 10 நொடி இடைவெளி விடு, வேகத்தைத் தானாக ஒரே அளவில் வைத்திருக்கும் குரூஸ் கன்ட்ரோலை அணைத்து வை.

இவ்வளவுக்குப் பிறகும் விற்பதுதான் முடிவு என்றால் தடுக்கமாட்டேன். ஆனால் அந்தப் பின்டயர்கள் இரண்டையும் மாற்றாமல் யாரிடமும் சாவியைக் கொடுக்காதே.

அக்கா