அந்த ஒரு மில்லிமீட்டர்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. எம்ஜிபி என்ற அந்தப் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரை வாங்கிவிட்டாயாமே! அந்தக் கிளட்ச்சை மிதிக்க உன் முழங்கால் சம்மதித்ததா? என் முழங்கால் எப்போதோ மறுத்துவிட்டது, நான்தான் கேட்பதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பழைய கார் பந்தயக் கிளப் விதியில் 40 தவ் (ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை ரீபோர் செய்யலாம், அதாவது சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கலாம் என்று இருக்கிறது, முழுதாகப் போய்விடட்டுமா என்று கேட்டிருந்தாய். போகாதே. தேய்ந்த எஞ்சின் பிளாக்கைக் குப்பைக்கு அனுப்பாமல், கொஞ்சம் பெரிய பிஸ்டன் போட்டு மறுபடி ஓட்டுவதற்காக வந்த சலுகை அது. பந்தயக்காரர்கள் அதை முதல் நாளே கடைசிவரை தீர்த்துவிடுகிறார்கள். கணக்கைப் பார்: உன் எஞ்சின் 80.26 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரின் உள் விட்டம்), 88.9 ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), 1798 சிசி. 40 தவ் என்றால் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல். கிடைப்பது சுமார் 1845 சிசி. இந்த 47 சிசிக்காக, அடுத்தமுறை சிலிண்டர் சுவர் கீறினால் ரீபோர் செய்ய விதியில் இடமே இருக்காது.

வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் கேம்ஷாஃப்டில்தான் உண்மையான வேடிக்கை. வால்வு இவ்வளவுதான் தூக்கலாம் என்று சில கிளப்கள் வரம்பு வைக்கின்றன, டயல் கேஜ் வைத்தால் ஐந்து நிமிடத்தில் அளந்துவிடலாம் என்பதால். கேம் செதுக்குபவர்கள் சும்மா இருப்பார்களா? தூக்கும் உயரத்தைத் தொடாமல், வால்வு சட்டென்று திறந்து, அங்கேயே நெடுநேரம் நின்று, சட்டென்று மூடும்படி செதுக்கினார்கள். விதி மீறப்படவில்லை. ஆனால் வால்வு ஸ்பிரிங்கும், கேம் தள்ளும் டாப்பெட்டும் அடிவாங்கிச் சாகின்றன. செலவைக் குறைக்க வந்த விதி செலவைக் கூட்டிய கதை.

உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் பழைய கார் விதிகளான அப்பெண்டிக்ஸ் கே வேறு வழியில் போகிறது. ஒரு மாற்றம் வேண்டுமென்றால், அந்த மாடல் அந்தக் காலத்திலேயே அப்படிப் பந்தயத்தில் ஓடியது என்று ஆதாரம் காட்ட வேண்டும். பழைய போட்டோ, ஹோமோலகேஷன் தாள் (அந்த மாடலைப் பந்தயத்துக்கு ஏற்ற அங்கீகாரச் சான்று) என்று தேடி அலைய வேண்டும். எனக்கு அதுதான் பிடிக்கும். உனக்கு அலுக்கும்.

அப்புறம், என் அவமானத்தையும் சொல்லிவிடுகிறேன். போன சீசனில் மூன்றாவதாக வந்தேன். பந்தயம் முடிந்ததும் எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றச் சொன்னார்கள். எரியறை மேல் கண்ணாடித் தகட்டை வைத்து, பியூரெட் என்ற அளவுக்குழாயில் எண்ணெய் விட்டு அளந்தார்கள். கம்ப்ரஷன், அதாவது எஞ்சின் கலவையை அழுத்தும் விகிதம், வரம்பைத் தாண்டியிருந்தது! எனக்கு முன் வண்டி வைத்திருந்தவர், ஹெட்டுக்கு அடியிலுள்ள கேஸ்கெட் போனபோதெல்லாம் ஹெட்டைச் சீவியிருக்கிறார் போலிருக்கிறது; சீவச் சீவ எரியறை சிறுத்து கம்ப்ரஷன் கூடிவிடும். நான் ஒன்றும் செய்யவில்லை என்றேன். பியூரெட்டுக்கு அது தெரியுமா? கோப்பை போனது.

அதனால் வேறு எதையும் தொடும் முன் ஹெட்டைக் கழற்றி நாலு அறையையும் அளந்து எழுது. எண்களைப் பார்த்துவிட்டு, பிஸ்டனைப் பற்றிப் பேசலாம்.

உன்
பழைய கூட்டாளி