ஒன்பதாவது பதக்கம்

கார்க்

அன்புள்ள கதிர்,

மெல்போர்னில் பிள்ளைகளுக்கு ஹர்லிங், நம் அயர்லாந்து மட்டைப் பந்தாட்டம், சொல்லிக்கொடுக்கப் போகிறாய் என்று கேட்டதும் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. முதல் நாள் நம் கார்க் அணியின் பழைய வீரர் கிறிஸ்டி ரிங்கைப் பற்றிப் பேச வேண்டும், குறிப்பு எழுதி அனுப்பு என்கிறாய். நீ எழுதி வைத்திருந்ததைப் பார்த்தேன். எட்டு அகில அயர்லாந்துப் பதக்கம், மூன்று முறை வென்ற அணியின் தலைவர், மன்ஸ்டர் மாகாணத்துக்காக 18 ரயில்வே கோப்பை, 64 சாம்பியன்ஷிப் ஆட்டங்களில் 33 கோல், 208 புள்ளி. எல்லாம் சரிதான். பத்து வயதுப் பிள்ளையிடம் இதைப் படித்தால் இரண்டாவது வரியிலேயே கொட்டாவி விட்டுவிடும். ரேஷன் பட்டியலா இது?

அந்த எட்டை ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, ஒன்பதாவதைப் பற்றிப் பேசு. கிடைக்காமல் போனது அதுதான்.

1956-இல் ரிங்குக்கு முப்பத்தைந்து வயது முடிந்து முப்பத்தாறு நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த வருடம் மன்ஸ்டர் இறுதிப் போட்டியில் லிமரிக் அணி கார்க்கை மடக்கி வைத்திருந்தது. கடைசிக் கட்டத்தில் மனிதர் மூன்று கோல் போட்டு ஆட்டத்தைப் பிடுங்கிவிட்டார். அப்புறம் கார்க்கில் போலியோ பரவியதால் அகில அயர்லாந்து இறுதிப் போட்டி மூன்று வாரம் தள்ளிப்போனது. செப்டம்பர் 23, டப்ளின் குரோக் பார்க், எண்பதாயிரத்துக்கும் மேல் கூட்டம். எதிரே வெக்ஸ்ஃபர்ட் அணி.

ஆட்டம் முடியச் சில நிமிடங்கள்தான் இருக்கும். வெக்ஸ்ஃபர்ட் இரண்டே புள்ளி முன்னால். கோல் ஒன்று போட்டால் மூன்று புள்ளி, கார்க் மேலே வந்துவிடும். பந்து ரிங்கின் கைக்கு வந்தது. அவர் கைக்கு வந்தால் கோல்தான் என்று ஊரே நம்பிய காலம் அது. சுழன்று விளாசினார். கோலில் நின்றவர் ஆர்ட் ஃபோலி. தலைக்கவசம் என்ற பேச்சே இல்லாத நாட்கள் என்பதைப் பிள்ளைகளுக்கு மறக்காமல் சொல். உள்ளங்கையளவு தோல் பந்து, ஆஷ் மர மட்டையில் பட்டு வருகிற வேகம் உனக்குத் தெரியும். உன் கட்டைவிரல் வீங்கி நான் ஐஸ் வைத்த நாட்கள் எனக்கும் தெரியும். அதை ஃபோலி தடுத்துவிட்டார். பந்து மறுமுனைக்குப் போனது, நிக்கி ரக்கார்ட் கோல் போட்டார், ஆட்டம் முடிந்தது.

தன் பந்தை ஃபோலி தடுத்ததும் ரிங் என்ன செய்தார்? நேராக ஃபோலியிடம் போய்க் கைகொடுத்தார். ஒன்பதாவது பதக்கத்தைத் தட்டிப் பறித்தவருக்கு! விசில் ஊதியதும் வெக்ஸ்ஃபர்ட் பின்வரிசைக்காரர்கள் நிக் ஓடானலும் பாபி ரக்கார்டும் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். ஜெயித்தவர்கள் தங்கள் கோப்பையைத் தூக்குவதற்கு முன் தோற்றவரைத் தூக்கினார்கள். இதைவிடப் பெரிய பதக்கம் எந்தச் சங்கத்திடம் இருக்கிறது?

அதோடு அவர் விட்டுவிடவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. கார்க் அணியில் 1963 வரை, நாற்பத்திரண்டு வயது வரை இருந்தார். கிளென் ரோவர்ஸ் கிளப்புக்கு 1967 வரை ஆடினார். ஒன்பதாவது வரவே இல்லை. காசுக்காக என்று யாராவது சொன்னால் சிரித்துவிடு. இந்த ஆட்டத்தில் காசு ஏது? அவர் ஷெல் கம்பெனிக்கு எண்ணெய் லாரி ஓட்டிப் பிழைத்தவர். அவரோடு தோளோடு தோள் நின்று ஆடிய ஜாக் லிஞ்ச் நாட்டின் பிரதமரானார். 1979 மார்ச்சில் ரிங் ஐம்பத்தெட்டு வயதில் இறந்தபோது கல்லறையருகே பேசியவரும் அந்த லிஞ்ச்தான், அப்போதும் பிரதமராக.

நாங்கள் போன மாதம் ரிங்கின் சொந்த ஊரான க்ளாய்னுக்குப் போயிருந்தோம். பழைய வட்டக் கோபுரம் அப்படியே நிற்கிறது. மைதானத்தை ஒட்டி ரிங்கின் வெண்கலச் சிலை. கையில் ஹர்லி மட்டையோடு, பந்தைப் பார்த்தபடி. அப்பா போட்டோ எடுப்பதற்குள் நாலைந்து பொடியன்கள் சிலைக்குப் பின்னால் சுவரில் பந்தடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவனும் சிலையை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அப்பாவுக்குக் கோபம். எனக்கு அது நியாயமாகவே பட்டது. அவரே இருந்திருந்தால் சிலையை விட்டுவிட்டுப் பந்துக்குத்தான் போயிருப்பார்.

முதல் நாள் அதிகம் பேசாதே. உனக்கு என் வாய் வந்திருக்கிறது, பத்து நிமிடம் என்று ஆரம்பித்து அரைமணி ஓட்டிவிடுவாய். அந்தக் கடைசி நிமிடத்தைப் பிள்ளைகளை வைத்தே ஆடிக்காட்டச் சொல். ரிங்காக இருக்க எல்லாரும் அடித்துக்கொள்வார்கள். யாரும் கூப்பிடாமல் ஓரத்தில் நிற்கிற குட்டி ஒன்று இருக்கும் பார், அதை ஃபோலியாகப் போடு. ஹெல்மெட் மட்டும் மாட்டிவிடு.

அன்புடன்,
அம்மா