கொரிய மேசையில் கண்ட பாசி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையில் பெருகிவரும் கொரிய உணவகங்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு மலரில் வந்த கட்டுரையைப் படித்தேன். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை வந்த பிறகு கொரியக் குடும்பங்களுக்காகத் தொடங்கிய சாப்பாட்டுக் கடைகள், இன்று நம் பிள்ளைகள் முன்பதிவு செய்துகொண்டு போகும் இடங்களாக வளர்ந்த கதையைக் கட்டுரையாளர் நன்றாகவே சொல்லியிருந்தார். மேசை நடுவில் இறைச்சி சுடும் அடுப்புக்கும் கிம்ச்சிக்கும் இடம் கொடுத்தவர், அந்தச் சமையலில் பாதியைத் தாங்கி நிற்கும் கடலைத் தொடவே இல்லை. பாம்பன்காரியான எனக்கு அது பெரிய குறையாகப் பட்டது.

ஸ்ரீபெரும்புதூரில் வேலை பார்க்கும் என் மகள் அண்மையில் என்னை அப்படியொரு உயர்தர உணவகத்துக்கு அழைத்துப் போனாள். உட்கார்ந்ததுமே சிறு சிறு கிண்ணங்களில் தொடுகறிகள் வந்தன. அவற்றுக்குத் தனி விலை கிடையாது. தீரத் தீர வைக்கிறார்கள். ஒரு கிண்ணத்தில் நெத்திலிக் கருவாடு! சோயா சாறும் இனிப்பும் சேர்த்து மொறுமொறுவென்று வறுத்து, எள் தூவியிருந்தார்கள். சூப்புக்கும் நெத்திலிக் கருவாட்டையும் கடற்பாசியையும் கொதிக்கவைத்த நீர்தான் அடிப்படை என்று பரிமாறிய தம்பி விளக்கினார். கருவாடு வறுத்தால் வாடை வருகிறது என்று வீட்டுக்காரர் சொன்னதால் வாடகை வீடு மாறியவள் என் மகள். அதே கருவாட்டை அந்த ஊரிலேயே கறுப்புப் பீங்கான் கிண்ணத்தில் மரியாதையாக வைத்ததைப் பார்த்தபோது எனக்கு மகிழ்ச்சிதான். எந்தக் கடல் நெத்திலி என்று கேட்டேன். எல்லாமே கொரியாவிலிருந்து இறக்குமதி என்றார்.

பிறகு மியோக்குக் என்ற பாசி சூப் வந்தது. கொரியாவில் பிள்ளை பெற்ற தாய்க்குக் கொடுப்பது அதுதான். பிறந்தநாளிலும் அதைக் குடிக்கிறார்கள். வழுவழுப்பான கரும்பச்சைப் பாசி, நல்லெண்ணெய் போன்ற மணம், உப்பு அளவாக இருந்தது. என் அம்மா பாசி எடுத்து எங்களை வளர்த்தவர். கஞ்சிப்பாசியை அலசிக் காய்ச்சி எங்களுக்குக் குடிக்கவும் கொடுத்திருக்கிறார். இன்று எங்கள் தெருவில் அதைக் காய்ச்சுகிற வீடு ஒன்றுகூட இல்லை. நோன்பு மாதத்தில் கீழக்கரை வீடுகளில் பாலும் சர்க்கரையும் சேர்த்துக் கடல்பாசி என்ற இனிப்பு செய்வார்கள். அதற்கும் பாக்கெட்தான் வாங்குகிறார்கள்.

மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரை என்ற பாசியும் மூட்டையாகக் கட்டப்பட்டு, பாசியிலிருந்து அகார், ஆல்ஜினேட் என்ற கூழ்மப் பொருள்களை எடுக்கும் ஆலைகளுக்குப் போகின்றன. இடுப்பளவு நீரிலும் ஆழத்திலும் மூச்சடக்கி மூழ்கி, பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் துணி சுற்றிக்கொண்டு எடுப்பவர்கள் பெண்கள். அவர்களுக்குக் கிடைப்பது வியாபாரி சொல்லும் கிலோ விலை. 1986-இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவான பிறகு அந்தக் கரைகளில் கால் வைப்பதே குற்றமாகிவிட்டது. ஆனாலும் மாதத்தில் 12 நாள் மட்டுமே எடுப்பது என்று தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டவர்கள் இவர்கள். அவர்களில் ஒருவரான சின்னப்பாலத்து லட்சுமி, தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குத் தரப்படும் அமெரிக்காவின் சீகாலஜி விருதை 2015-இல் பெற்றது தங்கள் வாசகர்களில் சிலருக்கு நினைவிருக்கலாம்.

அந்த உணவகத்தின் சுவரில் ஜேஜு தீவின் ஹேன்யோ பெண்களின் பெரிய படம் ஒன்று இருந்தது. அவர்களும் மூச்சடக்கி மூழ்குபவர்கள். அவர்களுடைய கலையை 2016-இல் யுனெஸ்கோ மரபுச் செல்வமாக ஏற்றது. அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு: கிராமத்தை ஒட்டிய கடலில் அறுவடை செய்யும் உரிமை அங்கே ஊர் மீனவர் சங்கத்திடம் இருக்கிறது. எங்கள் பெண்களுக்கு அடையாள அட்டை வாங்குவதே போராட்டம்.

கொரியர்களின் பாசி இனங்கள் குளிர்ந்த நீரில் வளர்பவை. அவை இங்கே விளையாது என்பது எனக்குத் தெரியும். வெளியிலிருந்து கொண்டுவந்த கப்பாபைகஸ் என்ற பாசி எங்கள் பக்கத்துக் குருசடைத் தீவின் பவளப்பாறைகள் மீது படர்ந்ததையும் பார்த்துவிட்டோம். ஆகவே புதிதாக எதையும் கொண்டுவரச் சொல்லவில்லை. கஞ்சிப்பாசி நம்முடையது, உண்ணத்தக்கது. அதை மணலில் காயப்போடாமல் மேடையில் வலை விரித்துச் சுத்தமாகக் காயவைத்தால் சமையலறைக்குப் போகும், விலையும் கூடும்.

எங்கள் மாவட்டத்து வளமாவூரில் பல்நோக்குக் கடற்பாசிப் பூங்காவுக்கு 2023-இல் அடிக்கல் நாட்டினார்கள். அங்கே உணவுக்கான பாசியைப் பதப்படுத்தத் தனிக்கூடம் வேண்டும். அதன் நிர்வாகக் குழுவில் பாம்பன், சின்னப்பாலம், ஏர்வாடிப் பெண்கள் உறுப்பினர்களாக இருக்க வேண்டும். கொள்முதல் விலையை முடிவு செய்யும்போது அவர்களும் கூட்டத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். மீன்வளத்துறை இதற்குப் பதில் தருமானால் அதையும் தங்கள் நாளிதழ் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
பாம்பன், ராமநாதபுரம் மாவட்டம்.